மவுஸ் நின்னா கடை நிக்குமா?

ஜூன் பிறந்துவிட்டால் திண்டுக்கல் காமராஜர் பேருந்து நிலையத்தைச் சுற்றியுள்ள ஜெராக்ஸ் கடைகளில் கால் வைக்க இடம் இருக்காது. பிளஸ் டூ முடித்த பிள்ளைகளும், கூட வந்த அப்பா அம்மாக்களும் சாதிச் சான்று, வருமானச் சான்று, மார்க் ஷீட் எல்லாவற்றையும் பாலிதீன் கவருக்குள் அடைத்துக்கொண்டு நிற்பார்கள். நத்தம், சாணார்பட்டி, வடமதுரை, வேடசந்தூர் என்று நாலா பக்கத்திலிருந்தும் பஸ் பிடித்து வந்த கூட்டம். "தம்பி, எனக்கு ஒரே ஒரு தாளுதான்ப்பா, முதல்ல எடுத்துக் குடுத்துரு" என்கிற குரல் எங்கிருந்தாவது வந்துகொண்டே இருக்கும்.

சரியாக அந்த நேரம் பார்த்துத்தான் பிரிண்டர் மக்கர் பண்ணும். பச்சை விளக்கு எரியும், தாள் வராது. திரையின் மூலையில் இருக்கும் குட்டிப் பிரிண்டர் படத்தைத் திறந்து பார்த்தால், காலையில் யாரோ கொடுத்த ஒரு ஃபைல் 'டெலிட்டிங்' என்று சொல்லிக்கொண்டு வழியை மறித்துக் கிடக்கும். அதற்குப் பின்னால் கூட்டத்தில் பாதிப் பேருடைய வேலை.

இந்தக் கட்டத்தில் கடைக்காரர்கள் இரண்டு ரகமாகப் பிரிகிறார்கள். முதல் ரகம் பிரிண்டரை நிறுத்தி, கம்ப்யூட்டரை நிறுத்தி, இரண்டையும் மறுபடி போட்டு, அதுவரை யார் முகத்தையும் பார்க்காமல் கல்லாவைக் குடைந்துகொண்டிருக்கும். இரண்டாவது ரகம் தலையைக்கூட நிமிர்த்தாமல் கீபோர்டில் மூன்று பொத்தானைச் சேர்த்து அழுத்தும். கறுப்புப் பெட்டி ஒன்று மின்னி மறையும். பிரிண்டர் தொண்டையைச் செருமிக்கொண்டு ஓடத் தொடங்கும்.

அந்த மூன்று பொத்தான் கம்பெனி கொடுத்ததல்ல, கடைக்காரர் தானே செய்துகொண்டது. அச்சுக்குப் போகும் வேலைகளை வரிசையில் நிறுத்தி ஒவ்வொன்றாக அனுப்புவதற்கென்றே விண்டோஸில் 'பிரிண்ட் ஸ்பூலர்' என்று ஒரு சர்வீஸ் பின்னணியில் ஓடுகிறது. வரிசை சிக்கிக்கொண்டால் அந்த ஒரு சர்வீஸை மட்டும் நிறுத்தி மறுபடி ஓடவிட்டால் போதும், பெரும்பாலும் வழி திறந்துவிடும். ஆனால் அந்த சர்வீஸ் இருக்கும் இடத்துக்கு மவுஸைப் பிடித்துக்கொண்டு போய்ச் சேர்வதற்குள் பாதிக் கூட்டம் பக்கத்துக் கடைக்குப் போய்விடும்.

அதனால் டெஸ்க்டாப்பில் காலியான இடத்தில் ரைட் கிளிக் செய்து, 'நியூ', பிறகு 'ஷார்ட்கட்'. 'எந்த இடத்தில் இருக்கிறது' என்று கேட்கும் பெட்டியில் ஆங்கில எழுத்தில் சி-எம்-டி (cmd), ஓர் இடைவெளி, சாய்கோடு, சி, மறுபடி இடைவெளி. அதன்பின் இரட்டை மேற்கோளுக்குள் 'நெட் ஸ்டாப் ஸ்பூலர்', நடுவில் 'அண்ட்' குறி, அடுத்து 'நெட் ஸ்டார்ட் ஸ்பூலர்'. பெயர் கேட்கும்போது 'பிரிண்டர் மாட்டிக்கிச்சு' என்று தமிழிலேயே வைக்கலாம், விண்டோஸ் ஒன்றும் சொல்லாது. இப்போது அந்தப் படத்தின் மேல் நின்று ஆல்ட்டும் என்டரும் சேர்த்து அழுத்தினால் அதன் 'புராப்பர்ட்டீஸ்' திறக்கும். அதில் 'ஷார்ட்கட் கீ' என்ற கட்டம் ஒன்றும் இல்லாமல் இருக்கும். அங்கே பி (P) என்ற எழுத்தை மட்டும் தட்டினால் கண்ட்ரோல்+ஆல்ட்+பி என்று தானே வந்து உட்கார்ந்துகொள்ளும். 'அட்வான்ஸ்டு' என்பதற்குள் போய், அட்மினிஸ்ட்ரேட்டராக ஓட்டச் சொல்லும் கட்டத்தில் டிக் போட வேண்டும். இதை விட்டுவிட்டால் ஸ்பூலர் அசையாது. அழுத்தும்போதெல்லாம் 'அனுமதிக்கலாமா' என்று விண்டோஸ் கேட்கும். அதற்கும் மவுஸைத் தேட வேண்டாம், ஆல்ட்+ஒய்.

இரண்டு எச்சரிக்கை. இப்படிச் செய்த ஷார்ட்கட் டெஸ்க்டாப்பிலோ ஸ்டார்ட் மெனுவிலோ இருந்தால்தான் பொத்தான் வேலை செய்யும். 'டெஸ்க்டாப் அசிங்கமா இருக்கு' என்று அதை ஒரு ஃபோல்டருக்குள் தள்ளினால் கண்ட்ரோல்+ஆல்ட்+பி செத்துப்போகும். இரண்டாவது, நான்காம் எண்ணைத் தொடாதீர்கள். 'இங்கிலீஷ் இந்தியா' கீபோர்டில் கண்ட்ரோல்+ஆல்ட்+4 என்பது ₹ குறி. ஐஐடி பாம்பேயில் படித்த தமிழர் உதயகுமார் வரைந்த அந்தக் குறியை 2010 ஜூலையில் மத்திய அரசு ஏற்றுக்கொண்டது. பில் போடும் கடையில் அந்தப் பொத்தானை எடுத்து வேறு வேலைக்குக் கொடுப்பது வம்பு.

டெஸ்க்டாப்பில் மூலையில் சின்ன அம்புக்குறியோடு நிற்கிறதே, அந்தப் படம் உண்மையில் என்ன என்பது பலருக்கும் சரியாகச் சொல்லித்தரப்படவில்லை. அது புரோகிராம் அல்ல, நீங்கள் தேடும் ஃபைலும் அல்ல. 'இன்ன இடத்துக்குப் போய் இன்னதைத் திற' என்று எழுதிய ஒன்றிரண்டு கேபி அளவுள்ள துண்டுச்சீட்டு. கல்யாணப் பத்திரிகையை வைத்துக்கொண்டு மண்டபத்தையே கொண்டுவந்துவிட்டதாக யாரும் நினைப்பதில்லை. ஆனால் புராஜெக்ட் சீசனில் பைண்டிங் கடைக்கு வரும் பிள்ளைகளைப் பாருங்கள். பென் டிரைவைச் சொருகுவார்கள், அதில் அம்புக்குறி போட்ட ஷார்ட்கட் ஒன்று மட்டும் இருக்கும். "அண்ணே, காலைலதான் காப்பி பண்ணேன்ணே!" காப்பி ஆனது விலாசம். ஃபைல் வீட்டுக் கம்ப்யூட்டரிலேயே பத்திரமாக இருக்கிறது. அடையாளம் காண்பதும் எளிது: நூறு பக்கப் புராஜெக்ட் இரண்டு கேபி இருக்க முடியாது.

விலாசத்துக்கும் பொருளுக்கும் வித்தியாசம் தெரியாத இந்த இடத்தில்தான் 'ஷார்ட்கட் வைரஸ்' புகுந்து விளையாடியது. பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன்னால் பிரவுசிங் சென்டர் போய்வந்த எவருக்கும் நினைவிருக்கும். பென் டிரைவைத் திறந்தால் எல்லா ஃபோல்டரும் ஷார்ட்கட்டாக மாறிக் கிடக்கும். நிஜ ஃபோல்டரை மறைத்துவிட்டு அதே பெயரில், அதே படத்தோடு ஒரு போலி விலாசத்தை வைக்கும் தந்திரம் அது. அதைத் திறந்தால் முதலில் வைரஸ் ஓடும், அடுத்து நிஜ ஃபோல்டரும் திறக்கும். சந்தேகமே வராது. ஒரு பென் டிரைவ் ஜெராக்ஸ் கடைக்குப் போய்வந்தால், அன்றைக்கு அங்கே வந்த அத்தனை பென் டிரைவுக்கும் ஒட்டிக்கொள்ளும். "டேட்டா போச்சு, ரெக்கவரி பண்ணணும்" என்று காசு வாங்கியவர்களும் உண்டு. உண்மையில் டேட்டா எங்கும் போகவில்லை. கமாண்ட் பெட்டியைத் திறந்து 'அட்ரிப்' (attrib) என்ற கட்டளைக்குப் பின்னால் மைனஸ் எச், மைனஸ் ஆர், மைனஸ் எஸ் போட்டு, சாய்கோடு எஸ், சாய்கோடு டி (D) சேர்த்து, அந்த டிரைவைக் காட்டினால் மறைந்ததெல்லாம் வெளியே வரும். அதன்பின் போலிகளை அழித்துவிட்டு ஆன்டிவைரஸை ஓட்டினால் ஆயிற்று.

இதே அம்புக்குறி ஃபைல்தான் ஓர் அணுசக்தி நிலையத்துக்குள்ளும் நுழைந்தது. 2010 ஜூனில் பெலாரஸ் நாட்டு ஆன்டிவைரஸ் நிறுவனம் ஒன்று ஸ்டக்ஸ்நெட்டைக் கண்டுபிடித்தது. ஈரானின் நதான்ஸில் யுரேனியம் செறிவூட்டும் எந்திரங்களைக் குறிவைத்த வைரஸ். அதன் ஷார்ட்கட்டைத் திறக்கக்கூட வேண்டாம். பென் டிரைவில் அந்தப் படம் கண்ணில் பட்டாலே போதும். படத்தைக் காட்ட விண்டோஸ் முயலும்போதே உள்ளே வந்துவிடும். அந்த ஆகஸ்ட் 2-ஆம் தேதி மைக்ரோசாஃப்ட் அவசரமாக ஓட்டையை அடைத்தது. சைமன்டெக் என்ற ஆன்டிவைரஸ் நிறுவனம் எடுத்த கணக்கில் ஈரான், இந்தோனேஷியாவுக்கு அடுத்து மூன்றாவதாக அதிகம் பாதிக்கப்பட்டது இந்தியா. குறி நாமல்ல, பென் டிரைவ் கைமாறும் பழக்கம் நம்முடையது.

ஷார்ட்கட் ஒரு விலாசம் என்று புரிந்துவிட்டால் அடுத்த கேள்வி தானே வரும்: விலாசம் தெரிந்தால் படம் எதற்கு? அதற்குத்தான் விண்டோஸ் கீயும் ஆரும். அழுத்தினால் இடது கீழ் மூலையில் ஒரு சிறு பெட்டி. அதில் பெயரைத் தட்டினால் ஆள் நேரே வருவார். 'கண்ட்ரோல்' என்று அடித்தால் பழைய கண்ட்ரோல் பேனல். 'சர்வீசஸ்' என்று அடித்துப் புள்ளி வைத்து எம்-எஸ்-சி சேர்த்தால் ஸ்பூலர் முதலான சர்வீஸ்கள் மொத்தமும். டி-இ-வி-எம்-ஜி-எம்-டி, புள்ளி, எம்-எஸ்-சி (devmgmt.msc) என்றால் டிவைஸ் மேனேஜர். புது ஸ்கேனர் மாட்டினவுடன் மஞ்சள் ஆச்சரியக்குறி தெரிகிறதா என்று பார்க்கும் இடம். என்-சி-பி-ஏ, புள்ளி, சி-பி-எல் (ncpa.cpl) என்றால் நெட்வொர்க் இணைப்புகள். சிஸ்டம் சர்வீஸுக்கு வருகிறவர்கள் கையைக் கவனித்தால் தெரியும், அவர்கள் எந்த மெனுவுக்குள்ளும் நுழைவதில்லை. இந்தப் பெட்டியோடு சரி. வாய்க்குள் நுழையாத பெயர்தான், ஆனால் ஒருமுறை அடித்தது அந்தப் பெட்டிக்கே நினைவிருக்கும். கீழ்நோக்கு அம்பைத் தட்டினால் பழையதெல்லாம் வரிசையாக வரும்.

இதை மனப்பாடம் செய்வது வெட்டி வேலை என்பவர்களுக்கு 2012-ஐ ஞாபகப்படுத்த வேண்டும். விண்டோஸ் 8 வந்து ஸ்டார்ட் பொத்தானையே தூக்கியது. எப்படி ஷட் டவுன் செய்வது என்று தெரியாமல் பவர் பட்டனை அழுத்திப் பிடித்தவர்கள் எத்தனை பேர்! விண்டோஸ் 11-இல் ரைட் கிளிக் மெனுவைப் பாதியாகச் சுருக்கி, மீதியை 'ஷோ மோர் ஆப்ஷன்ஸ்' என்று ஒளித்துவைத்தார்கள். கண்ட்ரோல் பேனலிலிருந்து ஒவ்வொரு சாமானாக செட்டிங்ஸுக்குக் குடிபெயர்கிறது. 2025 அக்டோபர் 14-உடன் விண்டோஸ் 10-க்கு வழக்கமான ஆதரவும் முடிந்துவிட்டதால் இன்னும் பல கடைகள் புது வீட்டுக்குப் போய்த்தான் ஆக வேண்டும். இத்தனை இடிப்பிலும் 1995-இல் வந்த அந்த ரன் பெட்டி அப்படியே இருக்கிறது. மெனுவைப் படித்தவர் ஒவ்வொரு முறையும் புதிதாகப் படிக்க வேண்டும். பெயரைப் படித்தவருக்கு அந்தத் தொல்லை குறைவு.

மவுஸ் நின்றேவிட்டால்? பேட்டரி தீர்ந்த வயர்லெஸ் மவுஸ், எலி கடித்த வயர், கரன்ட் போய் யுபிஎஸ் கத்திக்கொண்டிருக்கும் கடைசி இரண்டு நிமிடம். விண்டோஸ்+எக்ஸ் அழுத்திவிட்டு யு, மறுபடி யு. கம்ப்யூட்டர் முறையாக அணைந்துவிடும். பாதியில் அணைந்து கெட்டுப்போன ஹார்டு டிஸ்க்கை விட இந்த மூன்று தட்டு மலிவு. திரை மட்டும் கறுத்து நின்றால் விண்டோஸ், கண்ட்ரோல், ஷிப்ட் மூன்றோடு பி (B): டிஸ்ப்ளே டிரைவர் ஒருமுறை செத்துப் பிழைக்கும். எதுவுமே அசையவில்லை என்றால் கண்ட்ரோல்+ஷிப்ட்+எஸ்கேப், டாஸ்க் மேனேஜர் நேராக வந்து நிற்கும். ஆனால் ஊரில் பாதிப் பேர் இன்னும் கண்ட்ரோல்+ஆல்ட்+டெலிட் வழியாகச் சுற்றித்தான் அங்கே போகிறார்கள். பழக்கதோஷம்.

அந்த மூன்று விரல் வித்தைக்கு ஒரு தகப்பன் உண்டு. ஐபிஎம்மில் முதல் பிசியைச் செய்த சிறு குழுவில் இருந்த டேவிட் பிராட்லி. வேலை நடக்கும்போது மெஷின் தொங்கினால் ஒவ்வொரு முறையும் பவரை அணைத்துப் போட அலுத்துப்போய், தங்கள் உபயோகத்துக்காக மட்டும் செய்துகொண்ட குறுக்குவழி. முதலில் டெலிட்டுக்குப் பதில் எஸ்கேப் இருந்தது. இடது கை தவறிப் பட்டாலே மெஷின் ரீஸ்டார்ட் ஆகிவிடும் என்பதால், ஒரு கையால் எட்டாதபடி டெலிட்டுக்கு மாற்றினார்கள். 1981-இல் பிசி வெளியானபோது ஊருக்கெல்லாம் தெரிந்துபோயிற்று. இருபது ஆண்டு கழித்து நடந்த விழாவில், பக்கத்தில் பில் கேட்ஸை வைத்துக்கொண்டே, கண்டுபிடித்தது நானாக இருக்கலாம், புகழ்பெறச் செய்தவர் பில்தான் என்று போட்டார் பிராட்லி. அரங்கமே சிரித்தது. கேட்ஸ் அவ்வளவாகச் சிரிக்கவில்லை.

ஜெராக்ஸ் கடையை விட்டுக் கொஞ்சம் நடந்தால் வேறோர் உலகம். பெரியகடை வீதி, நாகல் நகர், வேடசந்தூர் பக்கத்து நூல் மில்கள் எங்கும் கணக்குப்பிள்ளைகளின் ராஜ்யம், டேலி என்ற கணக்கு மென்பொருள். பெங்களூரில் கோயங்கா குடும்பம் 1986-இல் தொடங்கியது. டாஸ் காலத்தில், மவுஸ் பரவுவதற்கு முன் பிறந்த குழந்தை என்பதால் அதற்கு ரத்தத்திலேயே கீபோர்டுதான். எஃப்5 பட்டுவாடா, எஃப்6 வரவு, எஃப்8 விற்பனை, எஃப்9 கொள்முதல். பில் போட்டுக்கொண்டிருக்கும்போதே புதுப் பார்ட்டி வந்தால் வெளியே வரவேண்டாம், ஆல்ட்+சி தட்டி அங்கேயே ஒரு லெட்ஜர் திறக்கலாம். வேகமாக டேலி அடிக்கும் ஓர் அக்கா வேலை செய்வதைப் பார்த்தால் மவுஸின் மேல் தூசி படிந்திருக்கும். நான் பார்த்தவரையில் ஷார்ட்கட்டை ஷார்ட்கட் என்றே நினைக்காத ஒரே கூட்டம் இவர்கள்தான். அவர்களுக்கு அதுதான் வழி. பள்ளியில் கற்றதும் இல்லை, முன்னால் இருந்த அக்கவுன்டன்ட் கையைப் பார்த்து வந்தது.

அந்தக் கைப்பழக்கத்திலும் ஒருமுறை கை வைத்தார்கள். 2020-இல் டேலி பிரைம் வந்தபோது கண்ட்ரோல்+எஃப்8 ஆக இருந்த கிரெடிட் நோட் ஆல்ட்+எஃப்6 ஆயிற்று. ஆண்டுக்கணக்காக ஓடிய விரல் கேட்குமா? தமிழ் அடிக்க என்எச்எம் ரைட்டரும் அதே மெஷினில் இருந்தால் இன்னொரு தகராறு. அது ஆல்ட்டோடு ஓர் எண்ணைத் தட்டித் தமிழுக்கு மாறும் ஏற்பாடு. டேலியில் ஆல்ட்+2 என்றால் பில்லை நகலெடுப்பது. விண்டோஸ் 10-இலேயே தமிழ் 99 கீபோர்டு வந்துவிட்டது. விண்டோஸ்+ஸ்பேஸ் தட்டி மாறிக்கொண்டால் இந்தச் சண்டை இல்லை.

ஃபிளெக்ஸ், பத்திரிகை அடிக்கும் டிடிபி கடைகளுக்கு ஒரே ஒரு பொத்தானைச் சொன்னால் போதும். கோரல்டிராவில் கண்ட்ரோல்+க்யூ. எழுத்தை எழுத்தாக இல்லாமல் வெறும் கோடாக மாற்றிவிடும். பிரஸ்காரரிடம் அந்தத் தமிழ் ஃபான்ட் இல்லையென்றாலும் 'பூப்புனித நீராட்டு விழா' என்பது கட்டம் கட்டமாகவோ கொசுவத்தியாகவோ அச்சாகாது. "கர்வ்ஸ் பண்ணிட்டீங்களா?" என்று பிரஸ்ஸிலிருந்து போனில் கேட்காத நாளே இருக்காது. ஒரு சின்ன புத்திமதி: கர்வ்ஸ் செய்யாத பிரதி ஒன்றைத் தனியாக சேமித்துவிட்டு அதன்பின் அழுத்துங்கள். மாப்பிள்ளை வீட்டார் கடைசி நேரத்தில் இனிஷியல் மாற்றச் சொல்வார்கள்.

ஷார்ட்கட் ஆடம்பரம் அல்ல, அது இல்லாமல் கம்ப்யூட்டரே இல்லை என்று வாழ்கிறவர்களும் உண்டு. பார்வையற்றவர்களுக்கு மவுஸின் அம்பு எங்கே நிற்கிறது என்பது பயனற்ற செய்தி. ஆஸ்திரேலியாவில் மைக்கேல் கர்ரன் என்ற பார்வையற்ற இளைஞர் 2006-இல் தொடங்கிய என்விடிஏ, திரையில் உள்ளதைப் படித்துக்காட்டும் இலவச மென்பொருள். தமிழும் படிக்கும். அதை நிறுவும்போது டெஸ்க்டாப்பில் ஒரு ஷார்ட்கட்டை வைத்து அதற்கு கண்ட்ரோல்+ஆல்ட்+என் கொடுத்துவிடுகிறார்கள். மேலே பிரிண்டருக்குச் செய்தோமே, அதே ஏற்பாடுதான். பேச்சு பாதியில் நின்றுபோனால் பார்வையற்றவருக்கு அந்த மூன்று பொத்தான்தான் முதல் பிடிமானம். டெஸ்க்டாப்பைச் 'சுத்தம்' செய்கிறேன் என்று கிளம்புகிறவர்கள், பொது கம்ப்யூட்டரில் அந்தப் படத்தை அழித்துவிடக்கூடாது.

இவ்வளவு நல்ல கருவி திருடன் கையிலும் போய்ச் சேர்ந்துவிட்டது. 2024 முதல் உலகம் முழுக்கப் பரவிய ஒரு மோசடி. ஏதோ ஒரு வெப்சைட்டில் 'நீங்கள் ரோபோ இல்லை என்று நிரூபியுங்கள்' என்று வரும். வழக்கமான பேருந்துப் படம், சிக்னல் படம் எதுவும் இருக்காது. 'விண்டோஸ்+ஆர் அழுத்துங்கள், கண்ட்ரோல்+வி அழுத்துங்கள், என்டர் தட்டுங்கள்' என்று மூன்றே வரி. நாம் பட்டனைத் தொட்டபோதே அந்தப் பக்கம் ஒரு கட்டளையைக் காப்பி செய்து வைத்திருக்கும். நம் கையாலேயே அதை ரன் பெட்டியில் ஒட்டி ஓட்டவைக்கிறார்கள். பாஸ்வேர்டு முதல் பேங்க் லாகின் வரை உருவிக்கொண்டு போகும். ஆன்டிவைரஸும் சில சமயம் சும்மா இருந்துவிடும், கட்டளையிட்டது நீங்கள்தானே. எந்த உண்மையான வெப்சைட்டும் ரன் பெட்டியைத் திறக்கச் சொல்லாது. அப்படி அழுத்திவிட்டோம் என்று தெரிந்தால் உடனே நெட்டைத் துண்டித்து, வேறொரு கருவியிலிருந்து பாஸ்வேர்டுகளை மாற்றுங்கள். பணம் போயிருந்தால் சைபர் குற்ற உதவி எண் 1930-க்கு போன் செய்யுங்கள்.

திருடன் என்றதும் நினைவுக்கு வருகிறது. ஊரெல்லாம் பூட்டு விற்ற ஊர் இது. 2019-இல் திண்டுக்கல் பூட்டுக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. ஆனால் ஆதாரும் பான் கார்டும் ஸ்கேன் செய்து திரையில் விரித்துப் போட்டபடி டீ குடிக்க எழுந்து போகும்போது விண்டோஸ்+எல் அழுத்திவிட்டுப் போகிறவரை இந்த ஊரில் பார்ப்பது அபூர்வம்.

இனி கீபோர்டே மாறிக்கொண்டிருக்கிறது. 1994-இல் விண்டோஸ் கீ வந்தபின் முப்பது ஆண்டுக்கு அருகில் யாரும் பெரிதாகத் தொடாத அந்தக் கீழ் வரிசையில், 2024 ஜனவரியில் 'கோபைலட்' என்ற ஏஐ பொத்தானை அறிவித்தது மைக்ரோசாஃப்ட். பல லேப்டாப்களில் அது உட்கார்ந்திருப்பது வலப்பக்கத்து கண்ட்ரோல் அல்லது மெனு கீயின் நாற்காலியில். மெனு கீ என்பது ரைட் கிளிக்குக்கு மாற்று. கேட்டுக் கேட்டு வேலை செய்கிறவருக்கு அது போனால் ஷிப்ட்+எஃப்10 என்று இரண்டு விரல் செலவு. புது லேப்டாப் வாங்கப் போகிறவர்கள் ரேம், எஸ்எஸ்டி, வாரன்டி எல்லாம் விசாரித்து முடித்தபின் ஸ்பேஸ் பாருக்கு வலப்பக்கமும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். அங்கே கண்ட்ரோல் இல்லையென்றால், மைக்ரோசாஃப்ட் இலவசமாகத் தரும் பவர்டாய்ஸில் பொத்தானை மாற்றிக்கொள்ள வழி இருக்கிறது. பணம் கொடுக்கும் முன்பே அதைச் செய்து தரச் சொல்லிக் கேளுங்கள்.